நார்மன் சிசிலியின் சகவாழ்வு: நாட்டுக்கு உரியதா, அரண்மனைக்கு உரியதா?

கலங்கரை எழுதியது:

மூன்று சமயத்தார் ஒரே மண்ணில் வாழ்ந்த இடைக்கால வரலாறு என்றதும் எல்லோரும் ஸ்பெயினின் கோர்தோபாவுக்கும் தொலேதோவுக்கும் போய்விடுகிறார்கள். அதே கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்பும் நிலம் சிசிலி என்பது என் எண்ணம். 827இல் மசாராவில் கரையிறங்கிய முஸ்லிம் படைகள் 831இல் பலெர்மோவைப் பிடித்தன. 902இல் தவோர்மினா வீழ்ந்தபோது தீவு ஏறக்குறைய முழுவதும் பைசாந்தியப் பேரரசின் கையைவிட்டுப் போயிருந்தது. பின்னர் 1061இல் மெசினாவைக் கைப்பற்றிய நார்மன்கள் (வட பிரான்சிலிருந்து வந்த போர்வீரர்கள்), 1072இல் பலெர்மோவையும் 1091இல் கடைசியாக நோத்தோவையும் வென்றார்கள். எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு இலத்தீன் கிறித்தவக் கூட்டம், அரபு பேசும் முஸ்லிம்களையும், அதே அரபு பேசும் யூதர்களையும், கிரேக்க வழிபாட்டு முறையைப் பின்பற்றிய கிறித்தவர்களையும் ஆள வேண்டிய நிலை அப்படித்தான் உருவானது.

பலெர்மோவில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. இரண்டாம் ரோஜர் மன்னரின் குருமார்களில் ஒருவரான கிரிசாந்தோ, தம் தாய் அன்னாவுக்காக 1149இல் வைத்த கல் அது. அன்னா 1148ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் இறந்து பெரிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு மே மாதத்தில் மகன் அவருடைய உடலைத் தாம் அமைத்த சிற்றாலயத்துக்கு மாற்றினார். இச்செய்தியைத்தான் கல் நான்கு முறை சொல்கிறது: மேலே எபிரேய எழுத்தில் எழுதிய அரபு, இடப்புறம் இலத்தீன், வலப்புறம் கிரேக்கம், கீழே அரபு எழுத்தில் அரபு. ஒவ்வொன்றும் தனக்குரிய ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்துகிறது. யூதர்களின் படைப்பாண்டு, கிறித்து ஆண்டு, பைசாந்தியப் படைப்பாண்டு, ஹிஜ்ரி என நான்கு காலக் கணக்குகள் ஒரு தாயின் மரணத்தைச் சுற்றி நிற்கின்றன. இறந்தவரும் கிறித்தவர், கல் வைத்தவரும் கிறித்தவக் குரு. அந்நகரத்தில் வாழ்ந்த ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த எழுத்தில் அதைப் படித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கருதியிருந்தால், அதைச் சகவாழ்வு என்று சொல்வதில் என்ன பிழை இருக்கிறது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

கல் அழகானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதை வைத்தவர் யார் என்பதை நீங்களே சொல்லிவிட்டு உடனே கடந்து போய்விட்டீர்கள். அவர் அரசவைக் குரு; பல மொழிகளில் பேசுவது அந்த அரசவையின் அடையாளம். 1142இல் ரோஜர் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றிய கல்வெட்டும் இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மும்மொழிகளில்தான் இருக்கிறது. கடைத்தெருவில் பிறந்து அரண்மனைக்குள் நுழைந்த பழக்கமாக இது எனக்குத் தெரியவில்லை. அரண்மனையே திட்டமிட்டு வளர்த்த நடையாகத் தெரிகிறது.

இதற்கு ஆவணச் சான்று உண்டு. பழைய முஸ்லிம் ஆட்சியின் நிர்வாகத்தை நார்மன்கள் அப்படியே தொடர்ந்தார்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆனால் எஞ்சியிருக்கும் அரசு ஆவணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், 1111க்குப் பிறகு சுமார் இருபது ஆண்டுகளுக்கு அரபு ஆவணமே கிடைப்பதில்லை. 1130ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோஜர் மன்னராக முடிசூடிக்கொண்ட பிறகுதான் அரபு திவான், அதாவது அரபில் இயங்கும் அரசு அலுவலகம், மீண்டும் எழுகிறது. அதுவும் தீவின் பழைய பாணியில் இல்லை, எகிப்தின் பாத்திமிய அரசவை பாணியில். அதன் பின்னணியில் இருந்தவர் அந்தியோக்கியாவின் ஜார்ஜ். கிரேக்கக் கிறித்தவரான அவர், முன்பு வட ஆப்பிரிக்காவின் மஹ்தியாவில் முஸ்லிம் அரசரிடம் பணியாற்றிவிட்டு ரோஜரிடம் வந்து தலைமை அமைச்சரானவர். பாத்திமிய கலீபா அல்-ஹாபிஸ் ரோஜருக்கு எழுதிய கடிதம் ஒன்றும் அரபு நூல்வழி நமக்குக் கிடைத்திருக்கிறது.

வியன்னாவில் இருக்கும் ரோஜரின் சிவப்புப் பட்டு அங்கியைப் பாருங்கள். நடுவில் பேரீச்ச மரம். இருபுறமும் ஒட்டகத்தை வீழ்த்தி நிற்கும் சிங்கம். விளிம்பில் பொன்னிழையால் கூபி என்ற அரபு எழுத்து வகையில், அரசப் பட்டறையில் ஹிஜ்ரி 528இல் செய்யப்பட்டதாக வாசகம். அதாவது 1133க்கும் 1134க்கும் இடையில், முடிசூட்டு விழா முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. புதிதாக அரசரான ஒருவர், போப்பாண்டவரும் பைசாந்தியப் பேரரசரும் தம்மை அங்கீகரிக்கத் தயங்கிய காலத்தில், மத்தியதரைக் கடலில் மிகுந்த பகட்டோடு விளங்கிய அரசவையின் உடையை எடுத்து உடுத்திக்கொண்டார். சமய நல்லெண்ணத்தை அதில் தேடுவது வீண்.

வினாக்குறி எழுதியது:

இருவருக்கும் ஒரு கேள்வி. அரசர் எந்த உள்நோக்கத்தோடு செய்திருந்தாலும், சாதாரண மனிதருக்கு நடைமுறையில் என்ன கிடைத்தது? வழக்கு என்று வந்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போனார்கள்? வரி யார் கட்டினார்கள்? அங்கியின் பூவேலையைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

கலங்கரை எழுதியது:

வழக்கைப் பொறுத்தவரை பதில் தெளிவானது. 1140ஐ ஒட்டி ரோஜர் வகுத்த சட்டத் தொகுப்பு, தம் ஆட்சிக்குட்பட்ட பல்வேறு மக்களின் வழக்கங்களும் சட்டங்களும், அரச ஆணைக்கு வெளிப்படையாக முரண்படாத வரையில், அப்படியே நீடிக்கும் என்று அறிவிக்கிறது. 1168இல் கத்தானியாவின் ஆயர் வழங்கிய உரிமைப் பத்திரம் இன்னும் வெளிப்படையானது: இலத்தீனியர், கிரேக்கர், யூதர், முஸ்லிம்கள் ஆகிய ஒவ்வொருவரும் அவரவர் சட்டப்படியே தீர்ப்புப் பெறுவார்கள். இதை எழுதியது அரசவை இல்லை, ஓர் ஊரின் ஆயர் என்பதை ஏட்டுச்சுவடி கவனிக்க வேண்டும்.

நடைமுறையை நேரில் கண்டவரின் சாட்சியமும் இருக்கிறது. கிரனாடாவிலிருந்து ஹஜ் சென்று திரும்பிய இப்னு ஜுபைர் 1184 டிசம்பரில் மெசினாவுக்கு அருகே கப்பல் உடைந்து கரையேறினார். அப்போது ஆட்சியில் இருந்தவர் ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம். படகுக்காரர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க முடியாமல் உடைந்த கப்பலிலேயே தவித்த ஏழை முஸ்லிம்களுக்காக அரசரே நூறு தரி நாணயம் கொடுத்துக் கரையேற்றினார் என்று அவர் நன்றியுடன் எழுதுகிறார். அரசருக்கு அரபு படிக்கவும் எழுதவும் தெரியும்; மருத்துவர்களும் சோதிடர்களும் மட்டுமல்ல, சமையற்கூடத்தின் மேற்பார்வையாளர்கூட ஒரு முஸ்லிம்; இறைவனைப் புகழும் அரபு வாசகம் ஒன்றே அரசருடைய முத்திரைத் தொடர். பலெர்மோவில் முஸ்லிம்களுக்குத் தனிக் குடியிருப்புகளும் சந்தைகளும் பள்ளிவாசல்களும் ஒரு காதியும் (இஸ்லாமிய நீதிபதி) இருந்தனர். கிறிஸ்துமஸ் அன்று கிறித்தவப் பெண்கள் பொன்னிறப் பட்டுடுத்தி, முகத்திரை அணிந்து, மருதாணியும் நறுமணமும் பூசிக்கொண்டு முஸ்லிம் பெண்களைப் போலவே ஆலயத்துக்குச் சென்றதை அவர் கண்டு வியக்கிறார். நாகரிகத்தில் உயர்ந்தது எது என்று பார்த்து மக்கள் தாமாகவே பின்பற்றியதன் அடையாளமல்லவா இது? பெண்களின் உடையை எந்த அரசரும் ஆணையிட்டு வரவழைக்கவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இப்னு ஜுபைரை நீங்கள் பலெர்மோவோடு நிறுத்திவிட்டீர்கள். அவர் அங்கிருந்து திராபானிக்குப் போகிறார். அங்கே அவருடைய எழுத்தின் நிறமே மாறிவிடுகிறது.

முதலில் பலெர்மோவிலேயே அவர் குறித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம்கள் தொழலாம், பாங்கு சொல்லலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை கிடையாது, ஏனெனில் குத்பா என்ற தொழுகை உரை ஓதத் தடை. பெருநாள்களில் மட்டும் அப்பாசிய கலீபாவின் பெயரைச் சொல்லி குத்பா ஓத அனுமதி உண்டு. வெள்ளிக்கிழமை குத்பாவில் யார் பெயர் சொல்லப்படுகிறது என்பது அக்காலத்தில் ஆட்சியுரிமை பற்றிய அறிவிப்பு. வழிபடும் உரிமையைக் கொடுத்த அரசர், ஒரு சமூகமாக வாரந்தோறும் கூடி நின்று பேசும் உரிமையைக் கொடுக்கவில்லை.

அரண்மனை அண்ணகர்களின், அதாவது விதையடிக்கப்பட்ட பணியாளர்களின், நிலை அதைவிடச் சங்கடமானது. கருவூலத்தையும் அரசரின் அந்தரங்கப் பணிகளையும் நடத்தியவர்கள் அவர்களே. பெயருக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள், மறைவில் முஸ்லிம்கள். மெசினாவில் இப்னு ஜுபைரைச் சந்தித்த அப்துல் மசீஹ் என்ற அண்ணகர், அறையிலிருந்து மற்றவர்களை வெளியேற்றிவிட்டே அவரோடு மனம்விட்டுப் பேசினார். நிலநடுக்கத்தின்போது அரண்மனைப் பணிப்பெண்களும் ஏவலர்களும் அல்லாஹ்வையும் நபியையும் கூவி அழைப்பதைக் கேட்ட அரசர், அவரவர் தாம் வணங்கும் இறைவனை அழைக்கட்டும் என்று சொல்லிவிட்டதாக ஒரு செய்தியையும் அவர் தருகிறார். இனிமையான கதைதான். ஆனால் 1153இல், ரோஜரின் கடைசி ஆண்டுகளில், மஹ்தியாவின் பிலிப்பு என்ற அண்ணகக் கடற்படைத் தலைவர், இரகசியமாக முஸ்லிமாக வாழ்ந்தார் என்ற குற்றச்சாட்டில் தீயிட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார். தெரிந்தும் தெரியாததுபோல் அரசர் இருக்கும்வரை உயிர். அவர் தெரிந்துகொள்ளத் தீர்மானித்த அன்று நெருப்பு.

இனி திராபானி. அங்கே இப்னு ஜுபைர் கேட்டவை குடும்பக் கதைகள். தந்தை மகனைக் கடிந்துகொண்டாலோ தாய் மகளைக் கண்டித்தாலோ, கோபித்துக்கொண்ட பிள்ளை நேராக ஆலயத்துக்குள் நுழைந்து ஞானஸ்நானம் பெற்றுவிடலாம். அதன்பின் பெற்றோருக்கு அந்தப் பிள்ளையின்மேல் உரிமை இல்லை. ஆகவே வீட்டுக்குள் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு அஞ்சி வாழ்ந்தார்கள். ஊரின் மதிப்புள்ள ஒருவர், தம் மகளை ஹஜ் பயணிகளில் ஒருவருக்கு மணமுடித்து முஸ்லிம் நாட்டுக்கு அனுப்பிவிட முன்வந்தார். மகளை இனி எப்போதும் பார்க்க முடியாது என்று தெரிந்தேதான் அதைச் செய்தார். சிசிலி முஸ்லிம்களின் தலைவராக மதிக்கப்பட்ட இப்னு ஹம்மூத், வட ஆப்பிரிக்காவை ஆண்ட முவஹ்ஹித் அரசோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் முப்பதாயிரம் தினாருக்கு மேல் பறிகொடுத்து, பரம்பரைச் சொத்தையும் இழந்திருந்தார். தாமும் தம் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டாலாவது இந்த நிலத்தைவிட்டு வெளியேற வழி பிறக்குமே என்று அவர் சொன்னதாக இப்னு ஜுபைர் எழுதும் இடம், பலெர்மோவின் பட்டுடைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய இடம்.

இவர்கள் செல்வந்தர்கள். நாட்டுப்புறத்தில் நிலைமை என்ன? வினாக்குறி வரியைக் கேட்டார். முஸ்லிம் அரசுகள் பிற சமயத்தாரிடம் வாங்கிய ஜிஸ்யாவை, நார்மன்கள் அதே பெயரில் முஸ்லிம்களிடமும் யூதர்களிடமும் வாங்கினார்கள். அதற்குமேல், முஸ்லிம் குடும்பத் தலைவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, இந்த ஆட்கள் இந்தப் பிரபுவுக்கு அல்லது இந்த மடத்துக்கு உரியவர்கள் என்று அறிவிக்கும் ஜரீதா என்ற ஆள்பதிவேடுகள் இருந்தன. 1095இலேயே கத்தானியா ஆலயத்துக்காக ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. கலங்கரை எடுத்துக்காட்டிய கத்தானியா ஆயர், ஒவ்வொருவருக்கும் அவரவர் சட்டம் என்று எழுதியபோது, அந்த ஆலயத்தின் பேழைக்குள் இப்பதிவேடும் இருந்திருக்கும். இரண்டாம் வில்லியம் தாம் நிறுவிய மொன்றேயாலே மடத்துக்கு மேற்குச் சிசிலியின் பெரும்பரப்பை வழங்கியபோது, 1182இல் எழுதிய எல்லை ஆவணம் இலத்தீனிலும் அரபிலும் இருக்கிறது. இருமொழிப் பண்பாட்டின் அருமையான சான்று என்று அருங்காட்சியகக் குறிப்புகள் போற்றும். முஸ்லிம் குடியானவர்களை ஊர் ஊராக மடத்துக்கு ஒப்படைத்த கொடையின் ஒரு பகுதிதான் அந்தத் தாள்.

தென்கரை எழுதியது:

விவாதம் கிறித்தவர், முஸ்லிம் என்று இருமுனையாகவே போகிறது. யூதர்களைப் பற்றி ஒரு வரிக்குமேல் யாரும் எழுதவில்லை என்பதால் நான் குறுக்கிடுகிறேன்.

சிசிலி யூதர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கெய்ரோவின் கெனிசா (யூதத் தொழுகைக் கூடத்தின் பழைய தாள் அறை) கடிதங்களிலிருந்து வருகிறது. பதினோராம் நூற்றாண்டில் மசாராவிலும் பலெர்மோவிலும் எகிப்து வணிகம் செழித்திருந்ததையும், நார்மன் படையெடுப்பின்போது வணிகர்கள் பட்ட அச்சத்தையும் அவற்றில் படிக்கலாம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இவ்வழியே பயணம் செய்த துதேலாவின் பெஞ்சமின், பலெர்மோவில் 1,500 யூதர்களையும் மெசினாவில் 200 பேரையும் குறிப்பிடுகிறார். பலெர்மோவின் கணக்கு, அவர் கடந்துவந்த இத்தாலிய நகரங்கள் பலவற்றை நோக்க மிகப் பெரியது.

ஏட்டுச்சுவடி சொல்லும் கொடுமைகள் உண்மை. ஆனால் அதே சட்டகத்துக்குள் யூதர்கள் இன்னும் முந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் எந்த வெளிநாட்டு அரசோடும் சேர்ந்து படையெடுத்துவிடுவார்கள் என்ற ஐயத்துக்கு ஆளாகவில்லை; கைப்பற்றத்தக்க பெருநிலங்களும் அவர்களிடம் இல்லை; ஆனால் அரசருக்குத் தேவையான கைத்தொழில்கள் இருந்தன. 1239இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த யூதர்களுக்கு, அப்போது சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடரிக் பலெர்மோவில் இடம் கொடுத்து, அரச பேரீச்சந்தோப்பைக் கவனிக்கவும் அவுரியும் மருதாணியும் பயிரிடவும் ஏற்பாடு செய்தார். முஸ்லிம் உழவர்கள் அகற்றப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தீவில் முஸ்லிம்களே இல்லாமற்போன பிறகும் சிசிலி யூதர்கள் தம் பத்திரங்களை எபிரேய எழுத்தில் அரபாகவே எழுதிவந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு வரைக்கும் இதற்குச் சான்று உண்டு. இஸ்லாமியச் சிசிலியின் மொழிக்குக் கடைசி வாரிசுகள் யூதர்கள். அவர்களையும் தீவிலிருந்து அகற்றியது உள்ளூர்ப் பகை என்று சொல்வதற்கில்லை. அப்போது சிசிலி அரகோன் மன்னரின் உடைமையாக இருந்ததால், ஸ்பெயினில் பிறந்த 1492ஆம் ஆண்டு வெளியேற்ற ஆணை இங்கும் பாய்ந்தது. 1493 ஜனவரியில் அவர்கள் கப்பலேறினார்கள். ஆணையைத் தள்ளிவைக்க வேண்டும், யூதர்கள் போய்விட்டால் தொழில் படுத்துவிடும் என்று தீவின் அதிகாரிகளே முறையிட்டும் பயன் இல்லை.

வினாக்குறி எழுதியது:

அப்படியென்றால் முஸ்லிம்களுக்கு மட்டும் எப்போது, எதனால் அடித்தளம் சரிந்தது? 1184இல் பள்ளிவாசலும் காதியும் இருந்த ஊரில் அறுபது ஆண்டுகளுக்குள் ஆளே இல்லாமற்போவது எப்படி?

ஏட்டுச்சுவடி எழுதியது:

1184க்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. 1160 நவம்பரில் ரோஜரின் மகன் முதலாம் வில்லியத்தின் முதலமைச்சர் பாரியின் மையோ கொலையுண்டார். அடுத்த ஆண்டு பிரபுக்கள் அரண்மனைக்குள் புகுந்து அரசரையே சிறைப்பிடித்தார்கள். அந்தக் கலவரத்தில் அண்ணகர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள்; பலெர்மோவின் கடைகளிலும் அலுவலகங்களிலும் இருந்த முஸ்லிம்கள் வெட்டப்பட்டார்கள். முந்தைய ஆண்டுதான் நகர முஸ்லிம்களின் ஆயுதங்களை அரசு வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. கிழக்கே பூத்தேரா, பியாத்சா பகுதிகளில், வட இத்தாலியிலிருந்து குடியேறிய லொம்பார்டியர்கள் அண்டை ஊர் முஸ்லிம்களைக் கொன்றும் விரட்டியும் நிலங்களைப் பிடித்தார்கள். இந்தக் குடியேற்றம்தான் என் கணிப்பில் அடிப்படைக் காரணம். தொடக்கத்தில் அரசருக்கு வரி கட்டவும் உழவும் முஸ்லிம்களை விட்டால் ஆள் இல்லை. கப்பல் கப்பலாக இலத்தீன் குடியேறிகள் வந்திறங்கியபின் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. அரசர் ஒருவர் மட்டுமே பழைய ஏற்பாட்டை விரும்புபவராக மிஞ்சினார்.

1189இல் இரண்டாம் வில்லியம் வாரிசின்றி இறந்தார். பலெர்மோவில் உடனே முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் மேற்கு மலைகளுக்கு ஏறினார்கள். யாத்தோ, எந்தெல்லா ஆகிய மலைக்கோட்டைகளைச் சுற்றி ஒரு தலைமுறைக் காலம் அவர்கள் தமக்கென ஓர் ஆட்சியையே நடத்தினார்கள்; அதன் தலைவர் இப்னு அப்பாத் தம் பெயரில் நாணயமும் அடித்தார். கவனியுங்கள், கலகம் எழுந்த நிலம் பெரும்பாலும் மொன்றேயாலே மடத்துக்குக் கொடுக்கப்பட்ட நிலம். இரண்டாம் பிரெடரிக் 1220களில் படையெடுத்து இப்னு அப்பாதைப் பிடித்துக் கொன்றார். பிடிபட்டவர்களைக் கடல் கடத்தி இத்தாலித் தலைநிலத்தில் அபூலியாவின் லூச்சேராவில் குடிவைத்தார். 1246இல் கடைசிக் கலகமும் அடங்கியபோது எஞ்சியவர்களையும் அங்கேயே அனுப்பினார்.

கலங்கரை எழுதியது:

லூச்சேராவை வெறும் தண்டனை முகாமாகச் சித்திரிப்பது சரியாகாது. அங்கே அவர்களுக்குப் பள்ளிவாசல் இருந்தது, காதி இருந்தார், போப்பாண்டவர்கள் திரும்பத் திரும்பக் கண்டித்தும் பிரெடரிக் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றவில்லை. அவருடைய வில்லாளிப் படையின் முதுகெலும்பே லூச்சேரா முஸ்லிம்கள்தான். போப்பின் சாபத்துக்கு அஞ்சாத படை வேண்டியிருந்த ஓர் அரசருக்கு அவர்களைவிட நம்பத்தக்கவர்கள் கிடைக்கவில்லை. 1229இல் ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் சுல்தான் அல்-காமிலோடு உடன்பாடு செய்து எருசலேமைப் பெற்றவரும் அவரே. நேப்பிள்சில் அவருடைய ஆதரவில்தான் யாக்கோபு அனத்தோலி என்ற யூத அறிஞர், முஸ்லிம் தத்துவஞானி இப்னு ருஷ்தின் உரைகளை எபிரேயத்தில் பெயர்த்தார். இத்தனையையும் அரசியல் தேவை என்ற ஒற்றைச் சொல்லால் துடைத்துவிட முடியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

துடைக்கவில்லை. நீங்கள் அடுக்கிய ஒவ்வொன்றிலும் எழுவாய் அரசர் என்பதைத்தான் சுட்டுகிறேன். பிரெடரிக்கின் மரபு 1260களில் வீழ்ந்து பிரான்சின் ஆன்ஜூ வம்சம் வந்தது. அவர்களுக்கும் லூச்சேராவின் வரியும் வில்லாளிகளும் சில காலம் பயன்பட்டார்கள். 1300 ஆகஸ்டில் கடன் சுமையில் இருந்த இரண்டாம் சார்லஸ் அந்த ஊரைக் கலைத்து, மக்களை அடிமைச் சந்தைகளில் விற்று, சொத்தைக் கருவூலத்தில் சேர்த்தார். பள்ளிவாசலும் காதியும் இருந்த ஊர் சில வாரங்களில் இல்லாமற்போனது. எதிர்த்துப் பேச அக்கம்பக்கத்தில் யாரும் முன்வந்ததாக எந்தப் பதிவும் என் கண்ணில் பட்டதில்லை.

தென்கரை எழுதியது:

ஏட்டுச்சுவடியின் வாதத்தை ஏற்றாலும் அதில் ஒரு விரிசல் இருக்கிறது. அரசரின் நிழல் மட்டுமே காரணம் என்றால், கிரேக்கக் கிறித்தவர்களுக்கும் அதே கதி நேர்ந்திருக்க வேண்டும். ரோஜரின் கையொப்பமே கிரேக்கத்தில் இருந்தது; அவருடைய மூத்த அதிகாரிகள் பலர் கிரேக்கர். அந்த அரசவை மறைந்தபின் அவர்களை யாரும் விற்கவும் இல்லை, கப்பலேற்றவும் இல்லை. வடகிழக்கு மலைகளில் கிரேக்க மடங்கள் பல தலைமுறைகள் நீடித்தன. பேச்சும் வழிபாடும் மெல்ல இலத்தீனுக்கு மாறின.

கலங்கரை எழுதியது:

அதற்குக் காரணம் கிரேக்கர்கள் கரைந்துபோக முடிந்தது என்பதுதான். இலத்தீன் குடும்பத்தில் பெண் எடுக்கலாம், பெண் கொடுக்கலாம், அதே ஆலயத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். இரண்டு தலைமுறையில் வேறுபாடு மறைந்துவிடும். முஸ்லிமுக்கு அந்த வாசல் மதமாற்றம் ஒன்றின் வழியாக மட்டுமே திறந்தது. பலர் அதன் வழியே போகவும் செய்தார்கள்: நார்மன் காலப் பதிவேடுகளிலேயே அரபுப் பெயர் கொண்ட தந்தைக்குக் கிறித்தவப் பெயர் கொண்ட மகன் தென்படுகிறான். லூச்சேராவுக்குப் போனவர்கள் சிசிலி முஸ்லிம்கள் அனைவரும் அல்லர், மாறாமல் நின்றவர்கள். மாறியவர்களின் வழித்தோன்றல்கள் தீவிலேயே, வேறு பெயர்களோடு, அதே நிலங்களை உழுதுகொண்டிருந்தார்கள்.